குவாசிமோடோ என்றால் கூனன்தானா? ஓர் இத்தாலியக் கவிஞரின் குடும்பப்பெயரும் ஆங்கிலத்தில் அதன் புழக்கமும்

#1 வெண்கோடு

வணக்கம். ஒரு சந்தேகம், கூடவே கொஞ்சம் மனவருத்தம்.

போன ஞாயிறு எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் நான் மொழிபெயர்த்த நாலைந்து இத்தாலியக் கவிதைகளை வாசித்தேன். ஆங்கிலம் வழியாகச் செய்ததுதான், இத்தாலியன் எனக்குத் தெரியாது. "அடுத்தவர் சால்வடோர் குவாசிமோடோ" என்று சொன்னதும் பின்வரிசையில் சிரிப்பு. "அந்தக் கூனன் கவிதையெல்லாம் எழுதுவானா?" என்று ஒருவர் கேட்டார். கிண்டல் இல்லை, விக்தர் ஹ்யூகோவின் நாவலில் வரும் கூனன் குவாசிமோடோ என்று நிஜமாகவே நினைத்துத்தான் கேட்டார். அதற்குப் பிறகு நான் வாசித்தது மூன்றே வரிக் கவிதை. ஒவ்வொரு மனிதனும் பூமியின் நெஞ்சில் தனியாக நிற்கிறான், சூரியனின் ஒரு கதிர் அவனைத் துளைத்திருக்கிறது, அதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். 1959இல் நோபல் பரிசு வாங்கியவரின் மிகப் புகழ்பெற்ற கவிதை அது. யாருக்கும் போய்ச் சேரவில்லை, எல்லோரும் பெயரிலேயே நின்றுவிட்டார்கள்.

நான் கேட்க வந்தது இரண்டு. ஆங்கிலத்தில் இந்த இருவரையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? தமிழில் இந்தப் பெயரை எப்படி எழுதினால் கவிஞர் கவிஞராகவே தெரிவார்?

#2 ஆகுபெயர்

வெண்கோடு, ஆங்கிலத்தில் அந்தச் சொல் இப்போது ஒரு ஆளின் பெயராக மட்டும் இல்லை என்பதுதான் சிக்கலின் வேர்.

விக்தர் ஹ்யூகோவின் நாவல் 1831இல் பிரெஞ்சில் வந்தது. தலைப்பு 'பாரிஸின் நோத்ர் தாம்', அதாவது அந்தப் பேராலயத்தின் பெயர். 1833இல் ஃபிரெடரிக் ஷோபெர்ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது தலைப்பு 'நோத்ர் தாமின் கூனன்' ஆனது. ஹ்யூகோவுக்கு அந்தக் கட்டடம்தான் நாயகன். ஆங்கில வாசகனுக்கோ அட்டையிலேயே முதுகைக் காட்டிவிட்டார்கள். பிறகு 1923இல் ஒரு திரைப்படம், 1939இல் ஒன்று, 1996இல் குழந்தைகளுக்கான கார்ட்டூன் படம். நாவலைத் தொடாதவர்களுக்கும் பெயர் மனப்பாடம் ஆனது.

அதன்பின் நடந்ததற்கு நம் இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது: உவமையாகுபெயர். "பாவை வந்தாள்" என்றால் பாவை போன்றவள். சூழ்ச்சிக்காரனைச் "சகுனி வந்துட்டான்" என்கிறோம். அதே மாதிரி ஆங்கிலத்தில் "ஒரு குவாசிமோடோ" என்பார்கள், பன்மை விகுதிகூடச் சேர்ப்பார்கள். முதுகு வளைந்தவர், முகம் கோணலானவர், கணினிமுன் குனிந்தே உட்கார்ந்திருப்பவர், எல்லோருக்கும் இந்த ஒரே சொல். 1960களில் கலிபோர்னியாவின் அலைச்சறுக்குக்காரர்கள் பலகைமேல் குந்தி, தலையைக் கவிழ்த்து, ஒரு கையை முன்னும் ஒரு கையைப் பின்னும் நீட்டிப் போகும் ஒரு நிலைக்கே இந்தப் பெயரை வைத்தார்கள்.

இவ்வளவு வேலை பார்க்கிற ஒரு சொல்லோடு ஒரு கவிஞரின் குடும்பப்பெயர் எப்படிப் போட்டி போடும்?

#3 தென்னந்தோப்பு

சின்னக் கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவிஞர் ஹ்யூகோ நாவலைப் படித்துவிட்டு வைத்துக்கொண்ட புனைபெயரா இது? அப்படியானால் அவரே தேடிக்கொண்டதுதானே?

#4 மிலான் வெயில்

இல்லை, தென்னந்தோப்பு. பிறப்பிலேயே வந்த குடும்பப்பெயர். நான் இங்கே மிலானில் பதினொரு வருடமாக இருக்கிறேன். என் இத்தாலியன் கடைத்தெருவில் கற்றதுதான், ஆனாலும் இவரைப் பள்ளிப் பாடநூலில் என் மகளோடு சேர்ந்து படித்திருக்கிறேன்.

1901 ஆகஸ்ட் 20, சிசிலியின் மோதிக்காவில் பிறந்தார். அப்பா கயெத்தானோ ரயில் நிலைய அதிகாரி. 1908 டிசம்பர் 28 விடியலில் மெஸ்ஸினா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. அடுத்த சில நாட்களிலேயே அப்பாவை அங்கே மாற்றினார்கள். நிலையம் இருந்த இடத்தில் இடிபாடு. குடும்பம் ஒரு சரக்கு ரயில் பெட்டியில் குடியிருந்தது. ஏழு வயதுப் பையன் பார்த்தவை, இறந்தவர்களும் இருட்டில் சுடப்பட்ட கொள்ளைக்காரர்களும், ஐம்பது வருடம் கழித்து அப்பாவுக்கு எழுதிய கவிதையில் அப்படியே வருகின்றன. அதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

பொறியியல் படிக்க ரோம் போனார், முடிக்கவில்லை. வரைபடக்காரர், இரும்புச் சாமான் கடையில் ஆள் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். நடுவே ஒரு பாதிரியாரிடம் கிரேக்கமும் லத்தீனும் கற்றார். 1926இல் அரசுப் பொதுப்பணித் துறையில் ரெஜ்ஜோ கலாப்ரியாவில் வேலை. தங்கை கணவர் எலியோ வித்தொரீனி, அவரும் பெரிய எழுத்தாளர், ஃபிளாரன்ஸுக்குக் கூப்பிட்டு 'சொலாரியா' பத்திரிகைக்காரர்களிடம் அறிமுகம் செய்துவைத்தார். 1930இல் முதல் தொகுப்பு, 'நீர்களும் நிலங்களும்'.

இப்போது பெயருக்கு வருகிறேன். வீட்டில் புழங்கிய உச்சரிப்பில் அழுத்தம் 'மோ'வில் விழும், க்வஸிமோதொ என்று. கவிஞர் அந்த அழுத்தத்தை ஓர் அசை முன்னே தள்ளினார்: க்வஸீமொதொ. இத்தாலியர்கள் இன்று அவரை அப்படித்தான் சொல்கிறார்கள். கூனன் 'மோ'வை நீட்டுகிறான், கவிஞர் 'சீ'யை நீட்டுகிறார். எழுத்தில் இரண்டும் ஒன்றே, காதுக்கு இரண்டு பேர்.

#5 வெண்கோடு

மிலான் வெயில், நன்றி. இது எனக்குத் தெரியவே தெரியாது. நான் கூட்டத்தில் 'மோ'வைத்தான் நீட்டினேன். அப்படியானால் நானே கூனன் பெயரைச் சொல்லித்தான் கவிஞரை அழைத்திருக்கிறேன்.

#6 ஆகுபெயர்

ஆங்கில அகராதிகள் சிலவும் கவிஞருக்குத் தனி உச்சரிப்புத் தருகின்றன, 'சீ'யில் அழுத்தம் வைத்து. ஆனால் அகராதியைப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. கேட்டுப் பழகிய 'குவாசிமோடோ'வே நாக்கில் வரும்.

#7 கோவில்மணி

எல்லோரும் கூனனிலிருந்தே தொடங்குகிறீர்கள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தச் சொல் இருந்தது. நான் பாடகர் குழுவில் வளர்ந்தவன், அதனால் இது எனக்கு நெருக்கமான விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. லத்தீன் திருப்பலியில் அன்றைய வருகைப் பாடல் "க்வாசி மோதோ ஜெனிதி இன்ஃபான்தெஸ்" என்று தொடங்கும். 1 பேதுரு 2ஆம் அதிகாரத்தில் உள்ள வரி. 'க்வாசி' என்றால் போல. 'மோதோ' என்றால் இப்போதுதான், சற்றுமுன். 'ஜெனிதி இன்ஃபான்தெஸ்' என்றால் பிறந்த குழந்தைகள். பழைய தமிழ் விவிலியத்தில் "புதிதாய்ப் பிறந்த குழந்தைகளைப்போல" என்று வரும் இடம். வுல்காத்தா என்ற லத்தீன் விவிலியத்தில் இந்த வசனம் 'சீகுத்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. பாடலில் மட்டும் அதைவிடப் பழைய மொழிபெயர்ப்பின் 'க்வாசி' தங்கிவிட்டது. அந்த ஒரு சொல் அப்படித் தங்காமல் போயிருந்தால் இந்தப் பெயரே உலகத்தில் இல்லை.

பாடலின் முதல் சொற்களைக் கொண்டே ஞாயிறுகளுக்குப் பெயரிடுவது வழக்கம். இந்த ஞாயிறு 'குவாசிமோதோ ஞாயிறு' ஆனது. ஆங்கிலத்திலும் அதே பெயர் உண்டு. ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் பெற்றவர்கள் வெள்ளாடையைக் களையும் நாள் என்பதால் லத்தீனில் வெள்ளாடை ஞாயிறு என்றும் சொல்வார்கள். 2000இலிருந்து கத்தோலிக்கர் நாம் இறை இரக்க ஞாயிறு என்று கொண்டாடுகிறோம்.

ஹ்யூகோவின் நாவலில் 1467ஆம் ஆண்டு குவாசிமோதோ ஞாயிறு காலையில், பேராலயத்தில் அநாதைக் குழந்தைகளைக் கிடத்தும் மரப்படுக்கையில், யாரும் எடுக்கத் தயங்கும் ஒரு பிள்ளை கிடக்கிறது. க்ளோத் ஃப்ரோல்லோ என்ற பாதிரியார் எடுத்து ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைக்கிறார். அந்த நாளின் நினைவாகவா, அல்லது 'ஏறக்குறைய' மனிதன், அரைகுறையாக வார்க்கப்பட்டவன் என்ற அர்த்தத்திலா என்று ஹ்யூகோ இரண்டையும் சொல்லி விட்டுவிடுகிறார். ஆங்கிலம் அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் 'குவாசி' என்ற முன்னொட்டு அரைகுறை, போலி என்ற பொருளில் அன்றாடம் புழங்குவதால் அது சுலபமாகவும் போயிற்று.

எனக்கு மனதில் நிற்பது வேறு. அந்தப் பெயர் ஒரு வாக்கியத்தின் பாதி. "இப்போதுதான்... போல" என்று சொல்லி, 'பிறந்த' என்ற சொல் வருவதற்குள் நின்றுவிடுகிறது. மீதியைப் பாடத் தெரிந்தவனுக்கு அது கைக்குழந்தையின் பெயர்.

#8 தென்னந்தோப்பு

கோவில்மணி ஐயா, இதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன். நன்றி.

#9 மிலான் வெயில்

நாளைக் குறித்துப் பெயர் வைப்பது இங்கே இன்றும் கண்ணுக்குத் தெரியும். பாஸ்க்வாலே ஈஸ்டர், நதாலே கிறிஸ்துமஸ். சந்தோரோ என்ற குடும்பப்பெயர் 'எல்லாப் புனிதர்களின்' என்ற லத்தீனிலிருந்து வந்தது, அந்தத் திருநாளில் பிறந்த பிள்ளைக்கு வைத்தது. கவிஞரின் குடும்பப்பெயரிலும் இருப்பது கோவில்மணி சொன்ன அதே லத்தீன். எங்கள் தெருவில் ஒரு சந்தோரோ ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். அவரை யாரும் பார்த்துச் சிரிப்பதில்லை.

#10 நடுப்பக்கம்

நான் மாறுபடுகிறேன். பெயரால்தான் ஆங்கிலத்தில் இவர் எடுபடவில்லை என்பது போலப் பேச்சு போகிறது. அது சரியில்லை.

1959இல் பரிசு அறிவித்தபோது இத்தாலியிலேயே முணுமுணுப்பு. உங்காரெத்தி, மொந்தாலே என்று பெரிய கவிஞர்கள் இருக்க இவருக்கா என்றார்கள். மொந்தாலேக்கு 1975இல் கிடைத்தது, உங்காரெத்தி 1970இல் பரிசு இல்லாமலே போய்ச் சேர்ந்தார். இன்று ஆங்கிலக் கவிஞர்கள் திரும்பத் திரும்ப மொழிபெயர்ப்பது மொந்தாலேயைத்தான். அது கவிதையின் கனத்தால். குவாசிமோடோவின் 1930களின் கவிதைகள் பூடகமாக எழுதிய ஹெர்மெட்டிக் அணியின் பாணி. இசை உண்டு, ஆனால் மொழி மாற்றினால் கையில் காற்றுதான் மிஞ்சும். நீங்கள் வாசித்த மூன்று வரியும் இத்தாலியனில் ஒலிப்பது போல வேறெதிலும் ஒலிக்காது. பெயரின் மேல் பழி போடுவது சுலபம்.

#11 ஆகுபெயர்

நடுப்பக்கம், பாதி ஏற்கிறேன். மீதிக்கு ஒரு எடுத்துக்காட்டு.

நாடகாசிரியர் பிராந்தெல்லோவும் சிசிலிக்காரர், 1934இல் நோபல். ஆங்கிலத்தில் அவர் பெயரிலிருந்து 'பிராந்தெல்லியன்' என்று ஒரு உரிச்சொல்லே பிறந்தது. நாடகத்துக்குள் நாடகம், யார் நிஜம் என்று தெரியாத நிலை, அதற்கெல்லாம் அந்தச் சொல். தாந்தே, பெத்ரார்க்கா, மாக்கியவெல்லி, எல்லோருக்கும் இது நடந்தது. ஒரு மொழி அயல் எழுத்தாளரை உள்ளே சேர்த்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. குவாசிமோடோவுக்கு அந்த இடம் காலியாகவே இல்லை. உரிச்சொல் செய்தால் அது முதுகைத்தான் குறிக்கும். நான் சொல்வது இவ்வளவுதான்: கவிதை கனம் குறைவு என்றே வைத்துக்கொள்ளுங்கள், கனத்தை நிறுத்துப் பார்க்க முதலில் தராசில் ஏற்ற வேண்டுமல்லவா?

#12 நடுப்பக்கம்

ஆலன் மாண்டெல்பாம் 1960இல், அதாவது பரிசு கிடைத்த மறுவருடமே, ஆங்கிலத்தில் ஒரு தேர்ந்த தொகுதி கொண்டுவந்தார். 1983இல் ஜாக் பெவனின் முழுத்தொகுதி வந்தது. தராசில் ஏற்றித்தான் பார்த்திருக்கிறார்கள், ஐயா.

#13 மிலான் வெயில்

இருவரும் போருக்கு முந்திய கவிதைகளை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். 1943 ஆகஸ்டில் மிலான்மேல் குண்டு மழை. 1944 ஆகஸ்டில் லொரேத்தோ சதுக்கத்தில் பதினைந்து பேரைச் சுட்டு உடல்களை அங்கேயே போட்டுவைத்தார்கள். அந்தச் சதுக்கத்தைக் கடந்துதான் நான் வேலைக்குப் போகிறேன். அந்த வருடங்களைக் கவிஞர் இங்கேதான் கழித்தார், இசைக் கல்லூரியில் இலக்கியப் பேராசிரியர். 1947இல் 'நாளுக்குப் பின் நாள்' தொகுப்பு. அதன் முதல் கவிதையில், அந்நியன் காலடி நெஞ்சின்மேல் இருக்கையில் நாங்கள் எப்படிப் பாடியிருக்க முடியும் என்று கேட்கிறார். தந்திக் கம்பத்தில் அறையப்பட்ட மகனை நோக்கி ஓடும் தாயின் கறுத்த ஓலம் அதில் உண்டு. கடைசியில் யாழ்கள் வில்லோ மரக்கிளைகளில் தொங்குகின்றன, பாபிலோனில் சிறைப்பட்டவர்களைப் பற்றிய விவிலியச் சங்கீதத்தில் வருவது போலவே. இதில் பூடகம் எங்கே, நடுப்பக்கம்? எந்த மொழியில் போட்டாலும் நெஞ்சில் அடிக்கும்.

இன்னொன்று. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டையும் 'மேக்பத்'தையும் இத்தாலியனுக்குக் கொண்டுவந்தவர் இவர். ஆங்கிலத்துக்கு இவர் செய்தது அது.

#14 நடுப்பக்கம்

அந்தக் கவிதையை இப்போதுதான் தேடிப் படித்தேன். போருக்குப் பிந்தியவை பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மொந்தாலே பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

#15 பக்கவாட்டு

இதுவரை படிக்க மட்டும் செய்தேன். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எனக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவு. ஸ்கோலியோசிஸ். ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் படித்தேன். எட்டாம் வகுப்பில் அந்தக் கார்ட்டூன் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். மறுநாளிலிருந்து பத்தாம் வகுப்பு முடியும்வரை எனக்கு அந்தப் பெயர்தான், "க்வாசி" என்று சுருக்கி. ஆசிரியர்களில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டார். அவருக்கு அது செல்லம். உவமையாகுபெயர் என்று மேலே படித்தபோது, இலக்கணத்தில் இதற்கு இவ்வளவு அழகான பெயரா என்று வலித்தது. ஆகுபெயர் ஐயா மேல் குறை இல்லை.

நீங்கள் எல்லோரும் கவிஞரைக் கூனனிடமிருந்து காப்பாற்றப் பார்க்கிறீர்கள். கூனனை யார் காப்பாற்றுவது? நாவலில் அவன் மணியோசையில் காது போனவன். சவுக்கடி பட்டுக் கிடந்தபோது தண்ணீர் கொடுத்த ஒரே பெண்ணை அவன் மறக்கவில்லை. கல்லூரியில் முழுதாகப் படித்தேன். அவனோடு சேர்த்துப் பேசுவது கவிஞருக்கு இழிவு என்று என்னால் நினைக்க முடியவில்லை. பெயரை வசைச்சொல் ஆக்கியவர்கள் வேறு ஆட்கள்.

கோவில்மணி ஐயா எழுதியது, அந்தப் பெயர் கைக்குழந்தையின் பெயர் என்பது, எனக்கு எட்டாம் வகுப்பில் யாராவது சொல்லியிருக்கலாம்.

#16 ஆகுபெயர்

தங்கச்சி, என்னை மன்னித்துவிடு. எடுத்துக்காட்டு தேடும் அவசரத்தில், அந்தச் சொல் விழும் இடத்தில் ஒரு ஆள் இருப்பார் என்று யோசிக்கவில்லை. இனி வகுப்பில் இந்த உவமையாகுபெயரை நடத்தும்போது உன் கேள்வியோடுதான் நடத்துவேன்.

#17 கோவில்மணி

அம்மா, ஒன்று சொல்லட்டுமா. அதே வசனத்தின் தொடர்ச்சியில் தமிழ் விவிலியம் "ஞானப்பால்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறது. புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளைப் போல் ஞானப்பாலை விரும்புங்கள் என்கிறது. ஞானப்பால் என்றதும் நம் எல்லோருக்கும் ஞானசம்பந்தர்தான் நினைவுக்கு வருவார். அவர் மதுரையில் பாடி நிமிர்த்தியதாகப் பெரியபுராணம் சொல்வது கூன்பாண்டியனை. ரோமில் பாடிய ஒரு லத்தீன் வரியும் மதுரைக் கதையும் குழந்தை, பால், கூன் என்று இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

#18 பக்கவாட்டு

அழகாக இருக்கிறது ஐயா. ஆனால் அந்தப் பாண்டியனுக்கு முன்பு கூன்பாண்டியன் என்று பெயர், பிறகு நின்றசீர் நெடுமாறன். இரண்டு பெயரும் அவன் முதுகைப் பார்த்து வைத்தவைதானே. நிமிராத ஒரு அரசனுக்கு, முதுகைச் சொல்லாத ஒரு பெயர் இருந்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

#19 தென்னந்தோப்பு

வெண்கோடு கேட்ட இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கிறதே. தமிழில் எப்படி எழுதுவது?

#20 ஆகுபெயர்

இதில் தமிழுக்கு வசதி அதிகம். ஆங்கில எழுத்தில் இருவரையும் பிரிக்க வழியில்லை, ஒன்பது எழுத்தும் ஒன்றுதான். நமக்குக் குறில் நெடில் இருக்கிறது. எகர ஒகரத்துக்கும் உண்டு, இந்தி எழுத்தில் அதுகூடக் கிடையாது. இத்தாலியனில் அழுத்தம் விழும் திறந்த அசை நீளும் என்பதால், அழுத்தத்தை நெடிலாகவே எழுதிவிடலாம்.

அடுத்து ட-வா த-வா. இத்தாலிய 'த' பல்லில் நாக்குப் படும் ஒலி. நம் 'இதோ' என்பதில் வருகிற தகரம் அதற்கு மிக அருகில். டகரம் ஆங்கில வழி வந்தது. ஆகவே கவிஞர்: குவசீமொதோ. கடைசியில் குறில் ஒகரம்தான் சரி, ஆனால் தமிழ்ச் சொல் அப்படி முடியாது, கண்ணுக்கு உறுத்தும். அதனால் நெடில். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால் 'க்வ' வேண்டாம், 'குவ' போதும்.

நாவலில் வருபவரைப் பிரெஞ்சுப்படி எழுதினால் கஸிமொதோ. பிரெஞ்சில் இந்தப் பெயரில் 'குவ' ஒலி வராது, வெறும் 'க'தான். பார்த்தீர்களா, மூல மொழிகளிலிருந்து நேராக எழுதினால் இருவரும் தாமாகவே பிரிந்துவிடுகிறார்கள்.

#21 நடுப்பக்கம்

தேடுபொறியில் யாரும் 'குவசீமொதோ' என்று தேடப் போவதில்லை. முதல் முறை "ஆங்கில வழக்கில் குவாசிமோடோ" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், பிறகு சரியான வடிவம். வாசகர் தொலைந்துபோகக் கூடாது.

#22 வெண்கோடு

எல்லோருக்கும் நன்றி. அடுத்த கூட்டம் வருகிற மாதம். இந்த முறை வில்லோ மரக் கவிதையை வாசிக்கப் போகிறேன். மிலான் வெயில் இத்தாலியன் வரிகளைப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், முதலில் அதைப் போடுவேன். அறிமுகம் இப்படி எழுதியிருக்கிறேன்:

"சால்வத்தோரே குவசீமொதோ. பிறந்தது 1901, சிசிலியின் மோதிக்கா. ரயில் நிலைய அதிகாரியின் மகன். ஏழு வயதில் சரக்குப் பெட்டியில் வாழ்ந்தவர். குடும்பப்பெயரின் பொருள்: இப்போதுதான் பிறந்ததுபோல."

கூனன் பற்றி யாராவது கேட்டால், பக்கவாட்டு எழுதியதை அவர் அனுமதித்தால் வாசித்துக்காட்டலாம் என்றிருக்கிறேன். சம்மதமா?

#23 பக்கவாட்டு

வாசியுங்கள் அண்ணா. அந்தத் தண்ணீர் கொடுத்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

#24 மிலான் வெயில்

பதிவு அனுப்பிவிட்டேன். பின்னால் டிராம் சத்தம் கேட்கும், லொரேத்தோவில் நின்றுதான் பேசினேன். 'சீ'யை நன்றாக நீட்டுங்கள்.